தெரிந்த முகத்துக்கும் பாஸ் வேண்டும்

சில வருஷங்களுக்கு முன், என் கணவரின் காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள் அது. மந்தைவெளி வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். அவருடைய டிபன் கேரியரையும் குடையையும் எடுத்து வர வேண்டும் என்பது சாக்கு. அவர் உட்கார்ந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு வர மனசு அடித்துக்கொண்டது.

அவர் அங்கே பாதுகாப்பு அதிகாரி. துறைமுகத்தை உலகத்தரப் பாதுகாப்புக்குக் கொண்டுவரும் வேலை அவர் தலையில் விழுந்தது. வேலி, கேமரா, ஸ்கேனர் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ‘நம்ம ஆளுதாம்பா’ என்று தெரிந்த முகங்களைச் சும்மா உள்ளே விடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. “என் பேச்சை எவன் கேட்கிறான்?” என்று தினமும் சாப்பிடும்போது புலம்புவார். வீட்டுக் கதவைப் பூட்ட மறக்கிற மனுஷர் துறைமுகத்தைக் காக்கிறாராக்கும் என்று நான் கேலி செய்வேன். துறைமுகத்தின் பாதுகாப்புத் தணிக்கை முடிந்ததும் என்னை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

வாசல் காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், என் கணவருடைய பாடைக்குத் தோள் கொடுத்தவர். கேட்டைத் திறப்பார் என்று நடந்தேன். கையைக் குறுக்கே நீட்டினார்.

“பாஸ் இல்லாம வுட முடியாதும்மா.”

“என்னைத் தெரியலையாப்பா?”

“தெரியாம இன்னாம்மா? ‘என் வூட்டம்மாவே வந்தாலும் வுடாதே’ன்னு சார் சொல்லிக்கினே இருப்பாரு. அப்போ நாங்க சிரிச்சிக்கினு நிப்போம். இப்போ எப்டிம்மா மீறுவேன்?” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த பிறகுமா இந்த மனுஷர் சட்டம் பேச வேண்டும்? அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். காரியத்தின்போதுகூட அப்படி அழவில்லை.

இன்னொருவரைக் காவலுக்கு நிற்க வைத்துவிட்டு அந்தக் காவலாளியே உள்ளே போய்க் குடையையும் கேரியரையும் எடுத்து வந்தார். கேரியரை யாரோ கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

“ஆதார் கார்டோட இன்னொரு நாள் வாங்கம்மா. பாஸ் போட்டு நானே இட்டுக்கினு போறேன்” என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நான் போகவில்லை. அழைத்துப் போகிறேன் என்று சொன்னவர் இல்லாமல் போக மனம் வரவில்லை.

துறைமுகம் தணிக்கையில் தேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இன்றும் பஸ் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவர் பேச்சை அந்த வாசலில் ஒருவர் கேட்டுவிட்டார்; வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு வழியில்லாமல் போயிற்று.