விருந்தாளிகளுக்குப் போட்ட ரோடு

கடற்கரை ஊரில் உலக நாடுகளின் சதுரங்கப் போட்டி நடக்கப்போகிறது என்று அறிவித்தபோது எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோதே அந்த ஊர் நம் கையை விட்டுப் போயாயிற்று, யார் வீட்டுக் கல்யாணமோ என்று இருந்தேன். போட்டியின் ஓய்வு நாளில் ஆட்டக்காரர்களைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிவந்து தறி காட்டப் போகிறார்கள், அதுவும் என் ஓரகத்தி வீட்டுத் தறியை என்று தெரிந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் போனது.

என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஒரே வீட்டில் நெய்தவர்கள். பாகம் பிரித்தபோது அண்ணன் குடும்பத்துக்கு முன் தெரு வாய்த்தது, எங்களுக்குப் பின் தெரு. என்னைக் கேட்டால் நெசவில் இவர் கை ஒரு படி மேல். ஆனால் முன் தெருவில்தான் பஸ் நிற்க இடம் இருக்கிறதாம்.

அந்த பஸ்ஸுக்காகப் பத்தே நாளில் முன் தெருவுக்குத் தார் ரோடு வந்தது. நான் எங்கள் தெருவுக்காக நாலு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். நிதி இல்லை என்பார்கள். ஓட்டுப் போடுகிற எங்களுக்கு இல்லாத நிதி, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எங்கள் வார்டு உறுப்பினரைக் கேட்டேன். ஊருக்கே பெருமை இல்லையா என்றார். பெருமை முன் தெருவோடு நின்றுவிட்டதே என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். ரோடு வேண்டுமென்றால் ஊர்க்காரியாக இருப்பதைவிட விருந்தாளியாக வருவது மேல். ஆனால் ஒன்று, அதே ரோடு எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் இந்த நியாயமெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது.

வந்தார்கள். உயரமான ஒரு வெளிநாட்டுப் பெண் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை அழுத்திப் பார்த்தாள். பக்கத்தில் என் ஓரகத்தி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். படம் பேப்பரில் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. காபி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டிருந்ததால், தெரு அவள் வாசற்படியைவிட உயர்ந்துபோயிருந்தது. முதல் பெருமழையிலேயே தண்ணீர் வீட்டுக்குள் இறங்கித் தறிக்குழி நிரம்பிவிட்டது. கேள்விப்பட்டதும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். உதவிக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். வேடிக்கை பார்க்கத்தான் ஓடினேன். அவள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குழியிலிருந்து குடம் குடமாக மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். மிதியெல்லாம் முழுகிக் கிடந்தன. எனக்கு உள்ளே குளிர்ந்தது. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் குளிர்ந்தது நிஜம்.

நானும் ஒரு குடத்தை எடுத்தேன். மொண்டு ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்க தெருவுக்கு ரோடு வராததே நல்லதும்மா. இனிமே மனுவ எடுத்துக்கினு அலையாத."

அக்கறையாகத்தான் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. தனக்கு வந்த ரோடு எனக்கு வந்துவிடக் கூடாதென்று தடுக்கிறாள் என்றுதான் அப்போது பட்டது. அடுத்த திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். அதிசயமாக, வாங்கிய அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, இந்த முறை போட்டுவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நூலை இழுத்துக்கொண்டு ஓடும் ஓடத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"பழைய ரோட்ட சொரண்டிட்டுப் போடச் சொல்லி எழுதனியாம்மா?"

"இல்ல. முன் தெரு எவ்ளோ ஒசரமோ, அதே ஒசரத்துக்குப் போடணும்னு எழுதியிருக்கேன்."