முதல் வரியில் எதை வைப்பது?

ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அந்த அறையில் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். முன்னால் பிள்ளை, பின்னால் பெற்றோர். பக்கத்தில் உட்காரவைத்தால் ஒவ்வொரு பதிலுக்கும் பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கும், அப்பா கண்ஜாடை காட்டுவார். பஸ்ஸில் வந்த மாதிரி இருக்கிறதே என்று முனகுகிறவர்களிடம், டிரைவர் முன்னாலதானே இருப்பார் என்பார் வரிசை அக்கா.

பொறியியல், அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்க வழிகாட்டுவது அவர் தொழில். முன்பு ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருந்தார். வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வேறு பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கண்கலங்கி நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி அனுப்பி அலுத்துப்போனது. அவர்கள் தப்பு செய்வதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்று வேலையை விட்டார். மேலே குழம்புகிறவர்களெல்லாம் கீழே பிரதி எடுக்கிறார்கள், குடும்பம் ஓடுகிறது என்பது கடை நடத்தும் கணவரின் கிண்டல். யார் வந்தாலும், கொண்டுவந்த கல்லூரிப் பட்டியலைப் பார்த்து, இந்த வரிசை யார் போட்டது என்றுதான் அக்காவின் முதல் கேள்வி. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

இந்த ஆண்டு கல்லூரி விருப்ப வரிசையை இணையத்தில் பதிந்து பூட்ட வேண்டிய கடைசி நாளில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மகளோடு வந்தார். மகளுக்கு இயற்பியல் படிக்க ஆசை. முதல் வரியில் இருந்ததோ கணினி அறிவியல், அதுவும் அவள் மதிப்பெண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும் கல்லூரியில். இயற்பியல் இரண்டாவது வரி. முதலில் ஒரு பாதுகாப்பு, மகள் ஆசையும் கீழே இருக்கிறது, இரண்டும் கிடைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா விளக்கினார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பிறகு இந்த வரிசையை யாராலும் மாற்ற முடியாது.

அக்கா அவருடைய தொழிலையே கையில் எடுத்தார்.

"லிஃப்ட் மேல் மாடியிலேருந்து, அதாவது முதல் வரியிலேருந்து, இறங்குதுன்னு வைங்க. எந்த மாடியில கதவு திறக்குதோ அங்கேயே இறங்கிடணும். அதுக்குக் கீழே அது போகாது. நிச்சயமா திறக்கிற கதவை நீங்க மேல் மாடியில வச்சிருக்கீங்க."

மெக்கானிக் முன்னால் குனிந்தார். "அப்போ ஃபிசிக்ஸுக்கு லிஃப்ட்டே போகாதா?"

"போகாது."

அவர் முகம் தொங்கிவிட்டது. உங்கள் பெண்ணாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எல்லாப் பெற்றோரும் கேட்பதுதான். எந்தப் படிப்பு நல்லது என்று மட்டும் அக்கா வாயிலிருந்து வரவே வராது.

"என் பொண்ணு இல்லையே. உங்க பொண்ணு முன்னாலதான் உக்காந்திருக்கா. அவகிட்ட கேளுங்க."

மகளின் பின்னந்தலையைப் பார்த்து அவர் கேட்டார்: "ஏம்மா, அதுல அப்படி என்ன இருக்கு?"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "லேப்ல ரெண்டு சின்ன கீறல் வழியா வெளிச்சத்த விட்டாங்கப்பா. சுவத்துல வரிவரியா விழுந்துச்சு. ஏன்னு சார் சொன்னார். எனக்கு அது பத்தல."

வேலை கிடைக்குமா என்று அடுத்து கேட்டார். அக்கா மழுப்பவில்லை. கணினி படித்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கலாம், இவளுக்கு மேற்படிப்பும் வேண்டியிருக்கும், சில வருடம் கூடுதலாகும் என்றார். மெக்கானிக் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "மாத்தும்மா. கம்ப்யூட்டர் ரெண்டாவதா இருக்கட்டும்" என்றார். அவளே மாற்றினாள், அவளே பூட்டினாள்.

முடிவு வந்த அன்று மெக்கானிக் மட்டும் தனியாகப் படியேறி வந்தார். "ஃபிசிக்ஸே கிடைச்சிருச்சுங்க. எனக்குத்தான் இன்னும் பயம் போகல."

பயப்படாதீர்கள் என்று அக்கா சொல்லவில்லை. "முதல் செமஸ்டர் கணக்கு படுத்தும். ஃபோன்ல அழுவா. அழட்டும். கம்ப்யூட்டரே எடுத்திருக்கலாம்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"நாக்கு நுனி வரைக்கும் வருமே."

"வரும். அப்போ எனக்கு ஃபோன் போட்டு என்கிட்ட சொல்லுங்க."

மெக்கானிக் அங்கேயே நின்று, அக்காவின் எண்ணைத் தன் கைபேசியில் பதிந்துகொண்டார்.