அடிபட்ட கண் என்று சொன்னேன்

பாரை என் உள்ளங்கையைக் கிழித்த அன்றுதான் வலது கண் கெட்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வண்டிப்பெரியாரில் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தேன். ஏலப்பாறையில் மரம் அறுத்தேன். அங்கே ஒருவனின் தாடையை உடைத்துவிட்டு மலையிறங்கி, வேலந்தாவளம் பக்கம் வந்து தேங்காய் உரிக்கும் கூட்டத்தில் சேர்ந்தேன். தரையில் நட்ட இரும்புப் பாரையின் முனை ஈட்டி மாதிரி இருக்கும். தேங்காயை ஓங்கி அதில் குத்தி, ஒரு திருகு. மட்டை கிழியும். மறுபடியும் குத்து. முனை எங்கே என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அன்று காலை நான் பார்த்த இடத்தில் முனையே இல்லை. சுற்றிலும் எல்லாம் தெரிந்தது, நடுவில் மட்டும் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி ஒரு மங்கல். தேங்காய் விலகியது, கை இறங்கியது.

மேஸ்திரி துண்டைக் கிழித்துக் கட்டினார். "தேங்காய உரிக்கச் சொன்னா இவன் கைய உரிக்கறான் பாரு" என்றார். களம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. போன வருடம் ஒருவர் கண்ணில் புரை என்று சொன்னார், மறுநாளே அவர் பாரையைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்வை போனவனைப் பாரைக்குப் பக்கத்தில் யார் விடுவார்கள்?

யாருக்கும் தெரியாமல் பாலக்காட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை நோயால் கண்ணின் பின்சுவரில் இருக்கும் நரம்புத் திரையில் நீர் கசிந்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம்.

"கண்ணுலயாங்க?"

"கண்ணுலதான். ஒரு தடவை போட்டுட்டு ஓடிப்போற ஆளுன்னா இப்பவே சொல்லிடுங்க. முதல்ல மாசா மாசம் போடணும். நல்லாத் தெரியுதேன்னு நிறுத்தினா மறுபடியும் வீங்கும். போன பார்வை முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன். இருக்கறதக் காப்பாத்தலாம்."

நெஞ்சுவலி, பக்கவாதம் ஏதாவது வந்திருக்கிறதா என்றும் கேட்டார். வந்ததில்லை. இந்த ஊசி போடுவதற்கு முன் இதை மறைக்கக் கூடாது என்றார்.

அடிதடிக்குப் பயந்தவன் இல்லை நான். அந்த மேசையில் மல்லாந்தபோது அதன் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் மரத்துப்போகும் சொட்டு விட்டார்கள். பிறகு பழுப்பு நிற மருந்தால் கண்ணைக் கழுவினார்கள், மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. முகத்தை மூடி, இமைகளை ஒரு கம்பியால் பிளந்து நிறுத்தினார்கள். "அனங்கருது சேட்டா, மேல நோக்கு" என்றாள் நர்ஸ், அசையாமல் மேலே பார்க்கச் சொல்லி. அவள் கை என் தலையை அழுத்தியிருந்தது. ஊசி நேராகக் கருவிழிக்கு வரும் என்று பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அது பக்கவாட்டில், வெள்ளைப் பகுதியில் இறங்கியது. கட்டைவிரலால் அழுத்திய மாதிரி ஓர் அழுத்தம், அவ்வளவுதான். கண்ணுக்குள் கரும்புகை நூல் நூலாகச் சுழன்றது. எத்தனை விரல் என்று கேட்டார்கள். மூன்று என்றேன். நான் வாங்கிய எந்தக் குத்தும் இவ்வளவு குறைவாக வலித்ததில்லை.

வெளியே நர்ஸ் சொன்னவை இவை. நாங்கள் கொடுக்கும் சொட்டு தவிர எதையும் கண்ணில் விடக் கூடாது. சில நாள் தண்ணீர் படக் கூடாது, கசக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. வெள்ளையில் ரத்தம் கட்டும், வலி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், தானாகப் போய்விடும். வலி கூடினால், வெளிச்சம் குத்தினால், பார்வை மங்கினால் அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

மறுநாள் கண்ணின் பாதி வெள்ளை, அறுத்த ஆட்டுக் கழுத்து மாதிரி சிவந்திருந்தது. வலி இல்லை. அப்படியே களத்துக்குப் போனேன்.

"ஏன்டா, கண்ணுல என்ன?" என்றார் மேஸ்திரி.

நோய் என்று சொன்னால் பாரை போய்விடும். அடி என்று சொன்னால் போகாது. எங்கள் கூட்டத்தில் அடிபட்ட கண்ணுக்கு மரியாதை உண்டு. "அந்த ஆனைகட்டிக்காரன் குத்திட்டானுங்ணா" என்றேன். ஆனைகட்டிக்காரன் லாரியில் தேங்காய் ஏற்றுபவன். முந்தைய வாரம் லாரியை எங்கே நிறுத்துவது என்று இருவரும் சட்டையைப் பிடித்திருந்தோம். எல்லோரும் நம்பும் பெயர் அது.

"நம்ம ஆளு கண்ணுல கை வெச்சிருக்கறான். உட்டுட்டுப் போறதா?" என்றார் மேஸ்திரி.

மத்தியானம் கள்ளுக்கடைப் பின்புறம் அவனைப் பிடித்தார்கள். மூன்று பேர். மேஸ்திரி தென்னை மட்டையால் முழங்காலில் அடித்தார். அவன் விழுந்தான். விலாவில் மிதித்தார்கள். வாயில் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, "எப்படா உன்ன அடிச்சேன்? சொல்றா, எப்படா அடிச்சேன்?" என்று கத்தினான். சும்மா நின்றால் சந்தேகம் வரும். நானும் ஓர் உதை விட்டேன், வயிற்றில். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் விட்டேன்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி சின்ன டம்ளரோடு என் கொட்டகைக்கு வந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகளின் தாய்ப்பால். "அடிபட்ட கண்ணுக்கு இதுதான்டா மருந்து. மல்லாந்து படு."

"வேண்டாமுங்ணா, சரியாப் போயிரும்."

"புள்ள பசியாறதக் கறந்து கொண்டாந்திருக்கறேன். வேண்டாங்கறே?"

நர்ஸ் சொன்னது காதில் இருந்தது. அதைச் சொன்னால் ஊசியைச் சொல்ல வேண்டும், ஊசியைச் சொன்னால் அந்த ரத்த வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். படுத்தேன். மூன்று சொட்டு. இளஞ்சூடாக இருந்தது.

மறுநாள் மாலையில் வலி தொடங்கியது. அடுத்த நாள் காலை யாரோ கண்ணுக்குள் பாரையை நட்டுத் திருகினார்கள். இமை வீங்கி மூடிக்கொண்டது. விரலால் பிளந்து பார்த்தால் வெளிச்சம் ஆணியாக இறங்கியது. என் கை எனக்குத் தெரியவில்லை, வெறும் பால் வெளுப்பு. அன்றைக்கே ஓடி வரச் சொல்லியிருந்தாள் நர்ஸ். நான் மத்தியானம் வரை சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேஸ்திரி எட்டிப்பார்த்தார். முகம் மாறியது. "கண்ணு போச்சாடா? அவனோட ரெண்டு கண்ணையும் நோண்டாம நான் ஊட்டுக்குப் போகமாட்டேன்" என்று மட்டை வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆனைகட்டிக்காரன் விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு எழ முடியாமல் கிடக்கிறான் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். இனி அவனால் ஓடவும் முடியாது.

பின்னாலேயே ஓடினேன். பாரைகளுக்கு நடுவில் விழுந்து அவர் காலைப் பிடித்தேன். "அவன் அடிக்கலீங்ணா. சக்கரை. ஆஸ்பத்திரில கண்ணுக்கு ஊசி போட்டாங்க. பொய் சொல்லிட்டேன்."

களத்தில் பாரைகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மேஸ்திரி என்னை உதறினார், காலால்தான். "நாயே. என் பேத்தி பாலக் கொண்டாந்து ஊத்துனேனேடா" என்றார். அரிவாளை வீசிவிட்டு பைக்கை எடுத்தார். "ஏறு. ஏறித் தொல."

டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "கண்ணுல என்ன விட்டீங்க?"

சொன்னேன்.

"அதனாலதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. எதுவுமே விடாதவங்களுக்கும் அபூர்வமா கிருமி புகுந்துடும். ஆனா ஊசி போட்ட கண்ணுல அதை விட்டிருக்கக் கூடாது. வலி வந்ததும் வந்திருக்கணும். இன்னும் ஒரு நாள் போயிருந்தா இந்தக் கண்ணு போயிருக்கும்."

உடனே கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் நீரை உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமியைக் கொல்லும் மருந்தை உள்ளே செலுத்தினார்கள். சீழ்பிடித்த கண் சரியாக மரத்துப்போகாது. அன்று நான் கத்தியதை மேஸ்திரி வெளியே இருந்து கேட்டார்.

பல நாள் அங்கேயே கிடந்தேன். பார்வை திரும்பியது, முழுவதும் இல்லை. ஆள் தெரியும், முகம் தெரியாது. புண் ஆறியதும் வீக்கத்துக்கான பழைய ஊசியை மறுபடி தொடங்கினார்கள், இப்போது இடது கண்ணுக்கும். பாரையில் இனி எனக்கு இடமில்லை. உரித்த காயை எண்ணிக் குவிக்கிறேன்.

ஆனைகட்டிக்காரன் ஒன்றரை மாதம் கழித்துக் களத்துக்கு வந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மேஸ்திரியும் நகரவில்லை. என் முன்னால் வந்து நின்றான்.

"எந்தக் கண்ணுடா?"

"ரெண்டும்தான். ரெண்டுலயும் ஊசி."

இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயிற்றில் குத்தினான். மடிந்து விழுந்தேன். முன்பு நான் உதைத்த அதே பலம் இருந்தது. விலாவில் இரண்டு மிதி. நான் கையைத் தூக்கவில்லை. முகத்தை மட்டும் மட்டைக் குவியலுக்குள் புதைத்துக்கொண்டேன்.

"மூஞ்சியத் தூக்குடா, தூசியில வெக்கறே" என்றான் மூச்சு வாங்கியபடி. "தூசி பட்டாப் போயிருமாமே."

தூக்கினேன். அவன் லாரியைப் பார்த்து நடந்தான்.