செவிமடுக்கும் கூட்டம்

அந்த வெள்ளைக்கார மூதாட்டி என்னைத் தொட வேண்டாம் என்று சொன்னபோது என் ஒரு கையில் வெந்நீர்ப் பாத்திரமும் மறு கையில் துவாயும் இருந்தன. இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். உடம்பு துடைத்து உடை மாற்றிவிட வேண்டும். திரையை இழுத்து மூடிவிட்டுக் காலை வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்து, "இவளுடைய கை என்மேல் படக் கூடாது. எங்கள் ஆள் ஒருத்தியை அனுப்பச் சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

முந்திய நாள் அவர் மயக்கம் தெளியாமல் கிடந்தபோது இதே கைகள்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தன. அதை நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

தென் லண்டனில் ஒரு வைத்தியசாலையில் தாதியருக்கு உதவியாளராக இருக்கிறேன். முன்பு டென்மார்க்கில் முதியோர் இல்லமொன்றில் இதே வேலை. மகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் குடியேறிய பிறகும் இதே வேலைதான். பிறருடைய உடம்பைக் கழுவுவது எனக்குத் தெரியும்.

வார்டு மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேரளத்துப் பெண், என்னைவிட இளையவர். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "நீங்கள் மறுபக்க அறைக்குப் போங்கள். உங்கள் நல்லதுக்குத்தான்" என்றார். எனக்குப் பதிலாக, என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரத் தோழி போனாள். திரைக்குப் பின்னால் மூதாட்டி அவளை "டார்லிங்" என்று கூப்பிடுவதும், வெளியே குளிரா என்று விசாரிப்பதும் கேட்டன. நல்ல குரல் அவருக்கு.

அடுத்த நாள் பணியாளர் பலகையில் மூதாட்டியின் பெயருக்கு எதிரே, "பராமரிப்பில் தனிப்பட்ட விருப்பங்கள் உண்டு" என்று எழுதியிருந்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் விளக்கவில்லை. கறுப்பர்களும் எங்களைப் போன்ற மண்ணிறத்தவரும் தாமாகவே அந்தப் பக்கம் போகாமல் விட்டோம். அவர் வீடு திரும்பும்வரை அப்படியே நடந்தது.

வீட்டில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டே இதைச் சொன்னேன். பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பேருந்து பிந்தியதையும் அதோடு சேர்த்துத்தான் சொன்னேன்.

"விடும்" என்றார் கணவர். "மனுசிக்கு வயது போட்டுது. நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்."

"ஓம்" என்று ஒத்துக்கொண்டேன்.

மகள் விடவில்லை. அவள் பேசுவது ஆங்கிலம், அம்மா என்ற சொல் மட்டும் தமிழ். "அம்மா, அந்தக் கிழவியை விடுங்கள். அவள் சொன்னதற்காக உங்களை இடம் மாற்றினார்களே, அதுதான் கேள்வி" என்றாள். நிருவாகத்துக்கு அனுப்பும் முறைப்பாட்டை அவளே தட்டச்சு செய்தாள். நான் பக்கத்தில் இருந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

விசாரிக்க வந்தவர் மிகவும் மரியாதையான மனிதர். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை."

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நானும் தேடிப் பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும்? தொடுவது தெரியும், வேறொருவருடைய கன்னம்போல இருக்கும். அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

முடிவைச் சொல்ல என்னைக் கூப்பிட்டபோது குளிர்காலம் போய் மரங்கள் துளிர்த்துவிட்டன. நோயாளி வலியில் இருந்தவர், அவர்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. மனேஜர் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார். பலகையில் எழுதிய வாசகத்தை இன்னும் கவனமாக எழுதியிருக்கலாம். நடந்தது வருந்தத்தக்கது. இவ்வளவும் சொன்னார்கள். யார் தவறு என்று மட்டும் அதில் இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படுக்கை விரிப்புகளை மாற்றினேன்.

அந்தக் கோடையில் வெளியூர்களில் குடியேறிகளுக்கு எதிரான கும்பல்கள் தெருவுக்கு வந்தன. புகலிடம் கேட்டு வந்தவர்கள் தங்கிய விடுதிகளுக்குத் தீ வைக்கப் பார்த்தன. எங்களுக்கு அருகில் இருக்கும் குறைடனுக்கும் வரப்போகிறார்கள் என்று கைபேசியில் செய்தி ஓடியது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகள் வெளிச்சம் இருக்கும்போதே கதவை இழுத்து மூடின. தனியாக வீடு போகாதீர்கள், இருவர் இருவராகப் போங்கள் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். போலந்துக்காரி என்னோடு பேருந்துத் தரிப்பிடம்வரை வந்தாள்.

கலவரம் அடங்கிய பிறகு வைத்தியசாலையில் செவிமடுக்கும் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். ஊழியர்கள் தமக்கு நடந்ததைச் சொல்லலாம், நிருவாகத் தலைவியே வந்து கேட்பார். என் முறைப்பாடு இருந்தபடியால் என்னால் பேச முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஓரத்து மேசையில் சமோசா. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வார்டு மனேஜர். என் முறை வந்தபோது நடந்ததைச் சில வசனங்களில் சொன்னேன். வெந்நீர், துவாய், மறுபக்க அறை. சொல்லி முடித்து நிமிர்ந்தால் எதிரே தலைவி அழுதுகொண்டிருந்தார். உயரமான, நேர்த்தியான மனுசி. முகம் சிவந்துவிட்டது. "வெட்கமாக இருக்கிறது. இப்படி நடக்கிறதென்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். ஒருவர் அவருடைய முதுகைத் தடவினார். கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி என் காலடியில் இருந்தது. எழுந்து போய்க் கொடுத்தேன். "பரவாயில்லை" என்றும் சொன்னேன், நோயாளிகளுக்குச் சொல்லும் அதே குரலில். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் நிற்கும்போது மனேஜர் கையை உயர்த்தினார்.

"அந்த மனேஜர் நான்தான்" என்றார். "எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நாளைக்கே ஒரு நோயாளி அப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? அவரை அழுக்கோடு விடவா? இவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பவா? வீட்டுக்குப் போ என்று நோயாளியிடம் சொன்னால் நீங்கள் என் பக்கம் நிற்பீர்களா? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்."

தலைவி கண்ணைத் துடைத்தார். "மிக முக்கியமான கேள்வி. இதை எடுத்துக்கொண்டுபோய் யோசிக்கிறோம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார். பிறகு சமோசா சாப்பிடச் சொன்னார்கள்.

மனேஜரும் நானும் ஒரே லிஃப்டில் இறங்கினோம். கதவைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "நான் இங்கே வந்த புதிதில் ஒருவர் என்மேல் தேநீரை ஊற்றினார். என்னை யாரும் மாற்றவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்து அவருக்கே மருந்து கொடுத்தேன். அதனால்தான் உங்களை மாற்றினேன். ஆனால் போகிறீர்களா என்று உங்களிடம் கேட்டிருக்கலாம்."

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது. அந்த நாளில் எனக்கு ஏதாவது உறைத்தது என்றால் அந்த லிஃப்டில்தான். கதவு திறந்ததும் அதுவும் போய்விட்டது.

வார்டு வாசலில் புதிய சுவரொட்டி வந்தது. இனவெறியைச் சகிக்க மாட்டோம் என்று, பல நிறக் கைகளின் படத்தோடு. மனேஜர் அவுஸ்திரேலியாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய கேள்விக்குப் பதில் வந்ததா என்று மகள் சில வாரங்கள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"நீங்கள் போய்க் கேட்கவில்லையா, அம்மா?"

"ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இந்த வருடம் ஒரு வயதானவருக்கு முகம் மழிக்கப் போனேன். நுரைகூடப் பூசவில்லை, அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த மூதாட்டி சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னார். புதிய மனேஜர் எங்கோ கூட்டத்தில் இருந்தார். நான் யாரையும் தேடவில்லை. சவர அலகை மூடிவைத்துவிட்டு, போலந்துக்காரிக்குத் தலையால் சைகை காட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபக்க அறைக்கு நடந்தேன். அங்கே ஒருவருக்குக் கால் கழுவ வேண்டியிருந்தது. கழுவினேன்.