சேனை வைத்த விரல்

என் தம்பி மகளின் வலக்கண்ணைக் கெடுத்தவள் நான்! கண்ணூறு அன்று, தோஷம் அன்று... நான்.

நெரவியில், தம்பி வீட்டில், அவள் பிறந்தபோது சேனை வைக்க என்னைத்தான் அழைத்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்களே, அந்தச் சேனை. நான் காரைக்காலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துபவள். "ஒங்கள மாரியே வரணும் அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

அன்று என் கீழுதட்டில் ஒரு கொப்புளம். வெயில் காலந்தோறும் வருவது. வீட்டில் சூடு என்பார்கள்; ஹெர்பிஸ் என்ற தொற்றுக்கிருமி என்று எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் அசிங்கமாக இருக்குமே என்று உதட்டுச்சாயம் பூசி மறைத்திருந்தேன்... எவ்வளவு அற்பமான காரணம்!

இனிப்புப் பார்க்க விரலை என் உதட்டில் வைத்தேன். அதே விரலைப் பிள்ளையின் நாக்கில் வைத்தேன். வழிந்ததைக் கண்ணோரம்வரை துடைத்தும் விட்டேன்.

பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது. "வீட்ல யாருக்காவது உதட்டுல புண்ணு இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். எங்க அண்ணி காலேஜ்ல இதெல்லாந்தான் சொல்லித் தர்றாங்க. இருந்தா அவங்களே சொல்லிருப்பாங்களே!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. இமையில் கொப்புளம் வெடித்த பிறகுதான் சரியான மருந்து ஏறியது. உயிர் தப்பியது, கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது.

அந்தக் கிருமி இப்போது எங்கே இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? காதோரத்து நரம்பு முடிச்சில், செல்லின் உட்கருவுக்குள். நம் செல்லின் புரதங்களிலேயே தன் மரபிழையைச் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும் மூடிவிடுகிறது. ஒரே ஓர் இடம் மட்டும், முணுமுணுப்பதுபோல், ஓயாமல் படியெடுக்கப்படுகிறது. மற்றவற்றை அடக்கி வைக்கவும், குடியிருக்கும் நரம்புச் செல்லைச் சாகாமல் காக்கவும் அந்த முணுமுணுப்பு உதவுகிறது. காய்ச்சலோ வெயிலோ மனவேதனையோ வந்தால் சுருள் தளரும்... மூடியவை விழிக்கும்.

வகுப்பில் இதை நடத்தும்போது என் கை தானாகக் காதோரம் போகிறது. உள்ளே யாரோ மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல்! அவள் தலைக்குள்ளும் அதுவேதான். என்னிடமிருந்து போனது.

போன ஞாயிறு நெரவிக்குப் போயிருந்தேன். "அத்தை, இங்க பாருங்க! ஒங்களுக்கு வர்ற எடத்துலயே எனக்கும் வந்திருக்கு!" இப்போது பள்ளிக்குப் போகும் அவள், பெருமையாகக் கீழுதட்டைக் காட்டினாள்.

தம்பி மனைவி சிரித்தாள். "சேனை வச்சது யாரு? அப்படியே ஒங்கள உரிச்சு வச்சிருக்கா அண்ணி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... நானும் சிரித்தேன். உதட்டோரம் குறுகுறுக்கத் தொடங்கியது.