மச்சான் விரித்த கம்பளி

எட்டயபுரத்துக்குக் கிழக்கே, கொத்தமல்லி எடுத்த புஞ்சைக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தோம். பால்காரர் மொபெட்டை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கரிசல் வெடிப்பில் கால் மாற்றி வைத்து நடந்து வந்தார். எப்போதும் ரோட்டில் நின்றே சத்தம் கொடுக்கிறவர் நடந்து வருகிறாரே என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. “ஒங்க மச்சான் விடியக்காலம் தவறிட்டாவ, பெரியவரே” என்றார். ஆடுகளைக் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். கிடையை அடைக்கிற படலில் கட்டிக்கொண்டிருந்த கயிற்றுக்கு முடிச்சுப் போட்டேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சுடலைமுத்து மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். உரத்துக்காக ராத்திரி ஆடு அடைக்கச் சொல்லிக் கூப்பிட்ட நிலமெல்லாம் அவருக்கு ஊர்தான். இதைப் படிக்கிற பலபேருடைய நிலத்தில் அவர் ஆடுகள் படுத்திருக்கும், பக்கத்தில் அவரும் படுத்திருப்பார். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவருடைய மகள்தான் எழுதுகிறாள். அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. எனக்கு இப்போது அந்தச் செவலை நாய்க்குட்டிதான் முன்னால் வருகிறது.

எங்கள் பழைய நாய் கயத்தாறு ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, கழுகுமலையில் ஒரு வீட்டிலிருந்து மச்சான் அந்தக் குட்டியை வாங்கி வந்தார். வழி தெரிந்தால் திரும்பி ஓடிவிடும் என்று சாக்கில் போட்டுத்தான் கொண்டு வருவோம். சாக்கை அவிழ்த்ததும் அது அழுத அழுகை கொஞ்சமில்லை. தாய் என்று நினைத்து ஒரு கிழட்டுச் செம்மறியின் மடிக்கடியில் நுழைந்து முட்டு வாங்கியது. மச்சான் அதை எடுத்துத் தன் கம்பளியில் போட்டுக்கொண்டார். அழுகை நின்றது. பழகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

கிடையை அடுத்த காட்டுக்கு மாற்றிய அன்று உச்சிப்பொழுதில் குட்டியைக் காணோம். தேடிப் போனால், விட்டு வந்த காட்டில், மச்சான் படுத்திருந்த அதே இடத்தில், வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கையைத் தவிர ஒன்றுமில்லை. இனிமேல் கட்டிப்போடுவோம் என்றேன்.

“கெட்டிப்போட்டா கயித்தத்தான் வீடுன்னு நெனைக்கும், மாப்ள. நம்ம வீடு எங்கன இருக்குன்னு நாமதான காட்டணும்.”

“நாளைக்கு ஒரு காட்டுல கெடக்கோம். எதக் காட்டப் போறீய?”

மச்சான் தோளில் கிடந்த கம்பளியை எடுத்துக் குட்டியைச் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து, எந்தக் காட்டுக்குப் போனாலும் படல் ஊன்றுமுன் முதலில் கம்பளியை விரிப்பார். குட்டியை அதில் உட்கார வைத்து, சிரட்டையில் கம்மங்கஞ்சி ஊற்றி, அது நக்கி முடித்த பிறகுதான் அடுத்த வேலை. நாங்கள் நிற்கிறோம், ஆடுகள் நிற்கின்றன, அவருக்கு அவசரமே கிடையாது. சோறு கொண்டு வந்த அக்கா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டாள். இத்தனை வருசத்தில் தனக்கு ஒரு பாய் விரித்துப் போட்டதுண்டா என்று பிடித்துக்கொண்டாள். மச்சான் தலை நிமிராமல் சொன்னார்: “ஒனக்கு வீடு இருக்குட்டி. அதுக்கு இதான வீடு.”

அடுத்தடுத்துக் காடு மாற்றியபோது குட்டி பழைய இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பளி போகிற பக்கம் பார்த்து நடந்தது.

காய்ச்சல் கண்டு ஊருக்குப் போன அன்றும் குட்டியைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார். ஏற்றிவிடப் போன நான் கீழே நிற்க, கண்டக்டர் முறைத்தார். “மடிப்பிள்ளைக்கு டிக்கெட் கெடையாதுல்லா, தம்பி” என்றார் மச்சான். பஸ்ஸே சிரித்தது. அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

மச்சானை எடுத்து எரித்து முடித்ததும், வழக்கப்படி அவர் படுத்த பாயையும் கம்பளியையும் சுடுகாட்டு ஓரத்தில் வீசிவிட்டார்கள். மறுநாள் சாம்பல் கரைக்கப் போனபோது, வேலிக்கருவைப் புதருக்கு அடியில் அந்தக் கம்பளியின் மேல் குட்டி கிடந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இறக்கி விட்டதும் சுடுகாட்டுக்கு ஓடியது. மறுபடி தூக்கி வந்தேன், மறுபடி ஓடியது. கஞ்சி வைத்தால் முகர்ந்து பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இப்படியே விட்டால் அவரோடு இதுவும் போய்விடும் என்று பயந்து, கம்பளியை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். சுடுகாட்டுக்குப் போனது வீட்டுப்படி ஏறலாமா என்று பெரியவர்கள் எல்லாரும் சத்தம் போட்டார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வீட்டுக்குத்தான ஆகாது. கிடைக்குக் கொண்டு போ, தம்பி.”



கம்பளியை ஓடையில் அலசி வெயிலில் காயப் போட்டேன். அது காய்கிற வரைக்கும் குட்டி அதன் நிழலில் கிடந்தது. தோளில் போட்டு நடந்தேன், பின்னாலேயே வந்தது. காட்டுக்குப் போனதும் படலைத் தொடாமல் முதலில் கம்பளியை விரித்தேன். சிரட்டையில் கஞ்சி ஊற்றினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு நக்கியது.

மச்சானிடமிருந்து எனக்கென்று வந்தது இவ்வளவுதான்: ஒரு கம்பளி, ஒரு குட்டி, முதலில் எதை விரிக்க வேண்டும் என்கிற முறை. குட்டி தேறிவிட்டது, கிடையைச் சுற்றிக் குரைக்கவும் செய்கிறது. ஆனால் கம்பளியின் ஓரத்தில்தான் படுக்கிறது. நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடத்தை விட்டு வைத்திருக்கிறது. நானும் பக்கத்தில் வெறுந்தரையில்தான் படுத்துக்கொள்கிறேன்.