பூட்டுப் போட்ட சடங்கு வீடியோ

என் மகளின் சடங்கு வீடியோவை, காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட பென்டிரைவில்தான் ஸ்டூடியோக்காரர் தந்தார். மறுவருடம் என் கணவர் இறந்தார். அவர் குரல் அதில் மட்டுமே இருக்கிறது.

பூட்டில்லாத காப்பி கேட்டேன். "காப்பிரைட் எங்களுது, அக்கா" என்று மறுத்துவிட்டார். சங்கரன்கோவிலில் ஒரு செல்போன் கடையில் பூட்டை உடைக்கச் சொன்னேன். வீடியோவே அழிந்துபோனது. "அப்பா போயிட்டாவளாம்மா?" என்று மகள் கேட்டாள்.

மறுபடி ஸ்டூடியோவுக்கு ஓடினேன். "பூட்ட உடைச்சதே கேஸுதான். இனி தர முடியாது" என்றார்.

ராயகிரியில் வக்கீலாக இருக்கும் என் அண்ணனிடம் அழுதேன். "ஏட்டி, நாம துட்டு குடுத்து எடுக்கச் சொன்ன படம். வேற ஒப்பந்தம் எழுதலன்னா உரிமை நமக்குத்தான். இத மொதல்லயே கேட்டா என்ன? கடையில குடுத்து நோண்டச் சொல்லுதியே" என்று திட்டிவிட்டு நோட்டீஸ் அனுப்பினார். காப்பி கிடைத்தது. பழைய பதிவுகளை அந்த வாரம்தான் அழிக்க இருந்தார்களாம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கேமரா வைக்கும் முன்பே, பூட்டில்லாத காப்பி தருவதாக எழுதி வாங்கிவிடுகிறேன். "சிரி மக்கா" என்று என் கணவர் சொல்லும் அந்த வீடியோ மூன்று வீடுகளில் இருக்கிறது.